எத்தனை பேர் போகலாம்?

வீட்டில் வண்டி வாங்கப்போகிறோம் என்ற பேச்சு வெளியே போய் ஒரு நாள்கூட ஆகியிருக்காது. பாளையங்கோட்டைச் சித்தப்பா போன் பண்ணிவிட்டார். அம்பாசமுத்திரம் மாமா மறுநாள் காலையில் நேரிலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தன பேரு போலாம்?" இரண்டாவதும் ஒன்றுதான்: "மைலேஜ் என்ன குடுக்கு?"

அப்பா இந்தப் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். "நீதான் எல்லாத்தையும் படிப்பியே, பாத்துச் சொல்லுல." எங்கள் தேவை பெரிய மர்மம் ஒன்றுமில்லை. மாதத்தில் நாலைந்து முறை நால்வழிச் சாலையில் மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ போகவேண்டும். அம்மாவும் ஆச்சியும் கூட வருவார்கள். ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது, தாழ்ந்த காரில் குனிந்து ஏற முடியாது. அதனால் கொஞ்சம் உயரமான வண்டி. ஓட்டம் அதிகம், அதனால் டீசல். ரொம்பப் பெரிதாக இருந்தால் டவுன் ரதவீதியில் திருப்ப முடியாது, அதனால் நடுத்தர அளவு. ஆக, டீசலில் ஓடும் நடுத்தர எஸ்.யூ.வி. ஒன்று வேண்டும்.

நாலைந்து வண்டிகளின் பெயரை எழுதி, எதிரே விலை, எஞ்சின், நீளம், மைலேஜ், இருக்கை என்று கட்டம் போட்டேன். கட்டங்களை நிரப்ப நிரப்ப ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நான் பதில்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். கேள்விகள் யாருடையவை? சித்தப்பா கேட்டதை அவருடைய அப்பாவும் வேறொரு வண்டியைப் பார்த்துக் கேட்டிருப்பார். அவருக்கும் முந்தியவர் மாட்டுவண்டியைப் பார்த்துக் கேட்டிருப்பார். ஒவ்வொரு கேள்வியும் ஏதோ ஒரு சாலையில், ஏதோ ஒரு காலத்தில் பிறந்தது. சாலை மாறிவிட்டது. கேள்வி மாறியதா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

பல்லும் சுழியும்

மேலப்பாளையம் மாட்டுச்சந்தை செவ்வாய்க்கிழமை கூடும். மாடு வாங்க வருகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், வயது தெரிந்துவிடும். அப்புறம் சுழி. எந்தச் சுழி எங்கே இருந்தால் குடும்பத்துக்கு ஆகும், எது ஆகாது என்று தனிச் சாஸ்திரமே இருந்தது. அப்புறம் கொஞ்சதூரம் நடக்கவிட்டு நடையைப் பார்ப்பார். கடைசியாக துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. இன்றைக்கு ஷோரூமில் நாம் டயரை ஒரு உதை உதைப்பதும், கதவை ஓங்கிச் சாத்தி 'கனமா இருக்கு' என்று தலையாட்டுவதும் இந்தப் பழக்கத்தின் வால்தான்.

மாடு பூட்டும் வண்டியிலும் தரம் இருந்தது. பாரத்துக்குக் கட்டை வண்டி. குடும்பத்துக்குக் கூண்டு வண்டி. கொஞ்சம் வசதியான வீட்டில் வில்வண்டி. இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்த அந்த வில்தான், குண்டும் குழியுமான பாதையின் அடியைப் பெண்களின் இடுப்பு வாங்காமல் பார்த்துக்கொண்டது. அதே வில்பட்டை இன்றும் லாரியின் அடியில் இருக்கிறது, பொலேரோவின் பின்சக்கரத்திலும் இருக்கிறது. நம்மூர்க் குடும்ப வண்டியின் முதல் தொழில்நுட்பம் எஞ்சின் இல்லை, வில்.

அந்தக் காலத்தில் 'எத்தனை பேர் போகலாம்' என்பது சரியான கேள்வி. தாமிரபரணி பெரிய ஆறு இல்லை. பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் இறங்கி, அம்பை, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று போய்ப் புன்னைக்காயலில் கடலைத் தொட மொத்தம் சுமார் 128 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள், கால்வாய்கள், இரண்டு பக்கமும் நஞ்சை. பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர், கோயில், சந்தை எல்லாம் இந்த ஓடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும். வேகம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒரு வண்டியில் எத்தனை உருப்படி ஏறும் என்பதுதான் கணக்கு.

தடையாக இருந்தது தூரம் இல்லை, ஆறுதான். திருநெல்வேலியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போக ஓடத்துக்குக் காத்துக் கிடக்கவேண்டும். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டு, ஹார்ஸ்லி என்ற ராணுவப் பொறியாளரின் வடிவமைப்பில், 11 வளைவுகளோடு பாலம் எழுப்பினார். 1843-ல் அது திறக்கப்பட்டது. இன்றும் அவர் பெயர்தான் அந்தப் பாலத்துக்கு. 1876-ல் ரயில் வந்தது. தூரத்துப் பயணம் ரயிலுக்குப் போய்விட்டது, பக்கத்துப் பயணம் மாட்டுவண்டியிலேயே நின்றது.

பிளசரும் ஆயில் எஞ்சினும்

எங்கள் தாத்தா தலைமுறை காரை 'பிளசர்' என்றுதான் சொல்லும். பண்ணையார் வீட்டிலும் மில் முதலாளி வீட்டிலும் நிற்கிற பொருள். ஊர்க்காரர்களுக்கு மோட்டார் என்றால் பஸ். அந்தப் பஸ் கதையிலும் நம்மூர் ஆள் ஒருவர் இருக்கிறார். நம்பி கோயில் இருக்கிற திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் மதுரையில் பஸ் விட ஆரம்பித்தார். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காமல் வண்டிகள் நின்றபோது, கரியை எரித்து வரும் வாயுவில் மோட்டார் ஓட்டும் சாதனத்தை அவருடைய நிறுவனம் தயாரித்து விற்றது. 'எதுல ஓடுது, எவ்வளவு குடிக்குது' என்ற கவலை நம் சாலைகளில் அவ்வளவு பழசு.

டீசல் நம்மிடம் வந்தது வேறு வாசல் வழியாக. ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் 1897-ல் தன் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அந்த வகை எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. கோவில்பட்டிக்காரர்கள் கேட்டால் பெருமைப்படுவார்கள். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க ஒரு பொறி வேண்டும். டீசலில் பொறி இல்லை. காற்றை அழுத்தி அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்கவேண்டும். பதிலுக்கு அது குறைந்த எண்ணெயில், குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை கொடுக்கும்.

கிராமத்தில் இந்த எஞ்சினை முதலில் பார்த்தது கிணற்றடியில். ஆற்றுப் பாசனம் எட்டாத நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் கிணறுகளில் 'ஆயில் எஞ்சின்' தடதடவென்று ஓடும். 1954-ல் டெல்கோ நிறுவனம் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து டீசல் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. அப்புறம் லாரி என்றாலே டீசல், பஸ் என்றாலே டீசல். 1974-ல் கட்டபொம்மன் பெயரில் திருநெல்வேலியில் அரசுப் போக்குவரத்துக் கழகம் வந்தபோது ஓடிய பஸ்களும் டீசல்தான். ஜெர்மனியில் 1936-லேயே மெர்சிடிஸ் டீசல் கார் விற்பனைக்கு வந்து டாக்ஸியாக ஓடியது. நம்மூரில் டீசல் என்பது உழைக்கிற எண்ணெய், வீட்டுக்காரர் காரில் ஊற்றுகிற சமாச்சாரம் இல்லை.

1973 எண்ணெய் நெருக்கடி அதை மாற்றியது. கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. விவசாயியும் லாரியும் பஸ்ஸும் பாதிக்கப்படக்கூடாது என்று அரசு டீசலை மட்டும் மலிவாகவே வைத்திருந்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலையில் பெரிய பள்ளம் விழுந்தது. 1980-ஐ ஒட்டி அம்பாசிடரில் டீசல் எஞ்சின் வந்தது. 1,489 சி.சி., திறனோ மிகக் குறைவு. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், உள்ளே இருப்பவர்கள் பேசினால் காது கேட்காது. ஆனாலும் ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டில் அதற்குத்தான் மதிப்பு. 'மைலேஜ் என்ன குடுக்கு' என்ற இரண்டாவது கேள்வி குடும்பங்களுக்குள் நுழைந்த காலம் அது.

சாஸ்தா கோயிலுக்கு ஒரு வண்டி

திருநெல்வேலிச் சீமையில் பங்குனி உத்திரம் என்பது முருகன் கோயில் திருவிழா மட்டும் இல்லை. அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் சாஸ்தாவைத் தேடிப்போக வேண்டும். குளத்தங்கரை, காட்டு ஓரம், மலையடிவாரம், ஆத்தோரம் என்று எங்கெங்கோ இருக்கும். சென்னையில் இருப்பவர், பம்பாயில் இருப்பவர் எல்லாம் வந்து சேர்வார்கள். பொங்கல் பானை, அரிசி, விறகு, வாழையிலை, பாய், பிள்ளைகள். இது அத்தனையும் ஏறும் ஒரு வண்டி வேண்டும்.

மெட்டடார் வேனும் ஜீப்பும் அதைச் செய்துகொண்டிருந்தன. 1994-ல் டாடா சுமோ வந்தது. டெல்கோவை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்தும் குடும்பப்பெயரிலிருந்தும் இரண்டிரண்டு எழுத்தை எடுத்து வைத்த பெயர். லாரிக்குப் போடுவது மாதிரி கீழே சட்டம், மேலே பெட்டி. டர்போ இல்லாத 2 லிட்டர் டீசல் எஞ்சின். பின்னால் எதிரெதிராக உட்காரும் பக்கவாட்டு இருக்கைகள். சட்டப்படிப் பத்துப் பேர், நம்மூர்ப்படிப் பதினாலு. கூண்டு வண்டிக்கு எஞ்சின் வைத்த மாதிரி இருந்தது, அதனால்தான் பிடித்துப்போனது. 2000-ல் குவாலிஸும் பொலேரோவும், 2002-ல் ஸ்கார்ப்பியோவும், 2005-ல் இன்னோவாவும் வந்தன. கல்யாண வீட்டு வாசலும் கட்சி ஊர்வலமும் நிறம் மாறின.

எங்கள் வீட்டிலும் ஒரு பங்குனி உத்திரத்துக்கு இப்படி ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. பின்பக்கத்துப் பக்கவாட்டு இருக்கையில் எனக்கு நேர் எதிரே ஆச்சி. மடியில் பூக்கூடை. சேரன்மகாதேவி தாண்டிக் கொஞ்சதூரத்தில் வயல் வரப்பிலிருந்து ஒரு வெள்ளாடு ரோட்டில் குதித்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி ஐம்பதில் போயிருந்தால் அதிகம். ஆச்சி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அப்படியே பக்கவாட்டில் சறுக்கி முன்சீட்டின் இரும்புக் கம்பியில் போய் மோதினாள். ஊன்றிய இடது கை மணிக்கட்டில் முறிந்தது.

ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்பையில் கட்டுப் போட்டுக்கொண்டு சாஸ்தா கோயிலுக்கும் போய்விட்டுத்தான் திரும்பினோம். "சாஸ்தாதான் காப்பாத்துனாரு, தலையில பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்" என்றார்கள். வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். டிரைவரைத் திட்டினார்கள், ஆட்டுக்காரனைத் திட்டினார்கள். அந்த இருக்கையைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை, பெல்ட் இல்லை, தலைக்கு முட்டு இல்லை என்பது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. பத்துப் பேர் போகலாம் என்றார்கள், பதினோரு பேர் போனோம், வண்டி தன் வேலையைச் செய்தது. ஆச்சியின் மணிக்கட்டு இன்றும் கொஞ்சம் கோணல்தான். அதற்குப் பிறகு அவளால் பழைய வேகத்தில் பூக்கட்ட முடிந்ததில்லை.

சட்டம் செதுக்கிய உடம்பு

'நடுத்தர அளவு' என்று சொல்கிறோமே, அந்த அளவை யார் முடிவு செய்தது? ஓட்டுகிறவர் இல்லை, பொறியாளரும் முழுக்க இல்லை. வரிச்சட்டம்.

2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்றால் 4 மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, டீசலாக இருந்தால் 1,500 சி.சி.யைத் தாண்டக்கூடாது. அன்றிலிருந்து பல வண்டிகளின் பின்பக்கம் 3,995 மில்லிமீட்டரில் வெட்டி நிறுத்திய மாதிரி இருக்கும். கோட்டைத் தாண்டுகிறவர்கள் நன்றாகவே தாண்டி, நாலேகால் நாலரை மீட்டருக்குப் போய்விட்டார்கள். அதுதான் நம் நடுத்தர அளவு. 2013 பட்ஜெட்டில் எஸ்.யூ.வி.க்கள் சாலையிலும் நிறுத்துமிடத்திலும் அதிக இடம் பிடிக்கின்றன, அதிக வரி கட்டட்டும் என்று 27 சதவீதத்தை 30 ஆக்கினார். 2015 டிசம்பரில் டெல்லியில் 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை போட்டது. உடனே மஹிந்திரா 1.99 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. அடுத்த ஆகஸ்டில் தடை நீங்கியது.

இதற்கு நடுவில் டீசல் மானியத்தை அதிகம் அனுபவித்தவர்களில் நாமும் இருந்தோம். 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. கிணற்றடி எஞ்சினுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் என்று குறைத்து வைத்த விலை, குடும்பத்தோடு குற்றாலம் போகும் வண்டியிலும் ஊற்றப்பட்டது. டீசல் கார்களுக்குத் தனியாக 80,000 ரூபாய் வரி போடலாம் என்று 2010-ல் கிரித் பாரிக் குழு சொல்லிப்பார்த்தது, நடக்கவில்லை. 2013 ஜனவரியிலிருந்து மாதாமாதம் கொஞ்சமாக ஏற்றி, 2014 அக்டோபரில் டீசல் விலையை முழுக்கச் சந்தையிடம் விட்டார்கள். பள்ளம் தூர்ந்துபோனது. இன்று தமிழ்நாட்டில் வித்தியாசம் லிட்டருக்கு எட்டு ரூபாய் சொச்சம்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. விதிக்கு உட்பட்டுத் தயாராகும் டீசல் வண்டிகளில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தத் துகள் அடிக்கடி எரிந்து தீரவேண்டும், அதற்கு வண்டி நீண்ட தூரம் சீராக ஓடவேண்டும். டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். சில வண்டிகளுக்கு யூரியாக் கரைசலும் தனியாக ஊற்றவேண்டும். "வயலுக்குப் போடுததா?" என்று மாமா கேட்டார். அதே யூரியாதான், ஆனால் மூட்டையைப் பிரித்துக் கரைத்து ஊற்றினால் பெரும் செலவு வைத்துவிடும். சுத்தப்படுத்திய நீரில் 32.5 சதவீதம் கலந்து தனியாக விற்கிறார்கள்.

ஆக, மைலேஜ் கேள்விக்கு இன்றைய பதில் இதுதான். டீசல் வண்டி ஒன்றரை லட்சம் கூடுதல் விலை என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு டீசல் 16, பெட்ரோல் 12 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு மிச்சம் இரண்டரை ரூபாய் சொச்சம். போட்ட பணம் திரும்ப 58,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். வருஷம் 15,000 ஓடுகிற எங்களுக்கு நாலு வருஷத்துக்குள் வந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போகிறவருக்கு வரவே வராது.

நால்வழி

பழைய ரோடு நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும். வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீட்டர், நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை 7. நம் பக்கத்தில் அது இரண்டு பக்கமும் புளியமரம் நின்ற ஒற்றை ரோடு. லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவதைப் பார்த்துப் பார்த்துக் காத்திருக்கணும். அறுபதைத் தாண்டுவது அபூர்வம். அந்த ரோட்டில் டீசலின் இழுவைதான் பாதுகாப்பு. மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு லாரியைச் சட்டென்று தாண்டுகிற வண்டி நல்ல வண்டி.

2010-ஐ ஒட்டிய வருஷங்களில் வடக்கு-தெற்குப் பெருவழித் திட்டத்தில் மதுரை-கன்னியாகுமரி நால்வழியானது. எண்ணும் 44 என்று மாறியது. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று சுங்கச்சாவடிகள் வந்தன. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றை இப்போது கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளிருந்து ஒரு நிமிஷத்தில் தாண்டிவிடலாம். திருநெல்வேலியிலிருந்து மதுரை சுமார் 160 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

வேகம் ஐம்பதிலிருந்து நூறானால் இரண்டு மடங்கு ஆபத்து என்று நினைப்போம். இயற்பியல் அப்படிக் கணக்குப் பார்க்காது. வண்டி சுமந்து போகிற ஆற்றல் நான்கு மடங்கு. நூறில் போகும் வண்டி ஒரு விநாடியில் 28 மீட்டர் ஓடும். ஓட்டுநர் ஆட்டைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 28 மீட்டர் போய்விடும். அதற்கப்புறம்தான் நிற்கவே தொடங்கும். ஆச்சியின் கையை முறித்த அந்தப் பிரேக், இன்றைய சாலையில் நான்கு மடங்கு பெரியது.

சாலை மாறியும் நம் பட்டியலில் 'எப்படி நிற்கும்' என்ற கேள்வி ரொம்ப நாள் வரவில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்கும் ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதிப் பார்த்து, ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம் கொடுத்தது. அப்போதும் 'அதெல்லாம் குட்டிக் கார், பெரிய வண்டின்னா பயமில்ல' என்றுதான் பேச்சு. 2016-ல் காற்றுப்பை இல்லாத ஸ்கார்ப்பியோவை மோதினார்கள். அதற்கும் பூஜ்யம். உயரமும் கனமும் பாதுகாப்பு இல்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது. அப்புறம் மாற்றம் வேகமாகவே வந்தது. 2019-ல் ஏ.பி.எஸ். கட்டாயமானது, முன்னிருக்கைக் காற்றுப்பைகள் படிப்படியாகக் கட்டாயமாயின. 2022-ல் புதிய வடிவமான ஸ்கார்ப்பியோ-என் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கே பாரத் என்கேப் வந்தது. அதே கம்பெனிதான், அதே பெயர்தான். வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்த பிறகு செய்ய முடிந்திருக்கிறது.

பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போடவேண்டும் என்று சட்டம் முன்பே இருந்தது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில், டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த காரின் பின்சீட்டில் இறந்தபோதுதான் நாட்டில் பாதிப் பேருக்கு அது தெரியவந்தது. அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை.

மூன்றாவது வரிசையில்

அத்தான் ஒருவரிடம் ஏழு இருக்கை டீசல் வண்டி ஒன்று இருந்தது. ஷோரூம்காரர்கள் நாலு தெருவைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கூட்டிவந்துவிடுவார்கள், நெடுஞ்சாலை தெரியாது. அதனால் அத்தானிடம் வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் மூன்றாவது வரிசையில் ஏறிக்கொண்டேன். "முன்னால வால, அங்க எதுக்கு?" என்றார் அத்தான். ஆச்சியையோ பிள்ளைகளையோ அங்கேதானே உட்கார வைக்கப்போகிறோம், அதனால்தான் என்றேன்.

பைபாஸிலிருந்து காவல்கிணறு வரை போய்த் திரும்பினோம். வண்டி எண்பதிலிருந்து நூறுக்கு அலட்டிக்கொள்ளாமல் போனது. டீசல் இன்னும் அந்த விஷயத்தில் ராஜாதான். சத்தம் முன்சீட்டுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. பெல்ட் இருந்தது, ஆனால் மடித்த இருக்கைக்கு அடியில் சிக்கிக்கிடந்தது. இதுவரை யாரும் அதை வெளியே எடுத்ததே இல்லை. தலைமுட்டு என் கழுத்துக்குத்தான் வந்தது. என் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடம். பின்னால் வருகிற லாரியின் முகப்பு விளக்கைப் பார்க்கும்போது அந்த ஒரு சாண் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

வள்ளியூர் தாண்டியதும் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுவதோடு நிற்காது, சாலையில் போகிற உயரமான வண்டியையும் பக்கவாட்டில் தள்ளும். ஒரு லாரியை முந்தி அதன் மறைவிலிருந்து வெளியே வந்த நொடியில் வண்டி அரை அடி விலகியது. அத்தான் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டார். உயரமாக உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரியும், ஆச்சிக்கு ஏற வசதி. அதே உயரம்தான் காற்றில் பாயாகிறது, திருப்பத்தில் சாய்கிறது. வேகத்தைக் குறைப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

உயரத்தின் மேல் நமக்கிருக்கும் நம்பிக்கையை இன்னொரு நாளும் சோதித்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே சுமார் 800 பேரோடு நின்றுபோனது. 200 மில்லிமீட்டர் தரை இடைவெளி என்று விளம்பரத்தில் போட்டிருந்த வண்டிகள் அந்தத் தண்ணீரில் ஆட்டோவைப் போலவே கிடந்தன. ஜனங்களைக் காப்பாற்றியது படகும் டிராக்டரும்.

திரும்பி வரும்போது நான் முன்சீட்டுக்கு மாறிக்கொண்டேன். மூன்றடைப்பு பக்கத்தில் நடுத்திட்டு இடைவெளியில் ஒரு அம்மா தலையில் புல்லுக்கட்டோடு நின்றிருந்தார். ஊர் இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். ரோடு நடுவில் போய்விட்டது. அவருக்கு நம் வண்டியின் மைலேஜோடு என்ன சம்பந்தம்? முகப்பின் உயரத்தோடு இருக்கிறது. அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, தாழ்ந்து சரிந்த முகப்புள்ள கார்களைவிட, முகப்பு ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால் நடந்துபோகிறவர் சாகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் கூடுதல் என்கிறது. தாழ்ந்த கார் காலில் இடிக்கும், உயர்ந்த வண்டி நெஞ்சில் இடிக்கும். அதன் மேல் நாம் இரும்புக் கம்பியையும் பொருத்துகிறோம். அந்தக் கம்பிகள் சட்டவிரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. இன்றும் எந்தக் கல்யாண வீட்டு வாசலிலும் நாலு வண்டியாவது கம்பியோடு நிற்கிறது.

கணக்கு

சித்தப்பாவும் மாமாவும் முடிவைக் கேட்க வந்தார்கள். டீசல்தான், எங்கள் ஓட்டத்துக்குச் சரி என்றேன். சந்தோஷப்பட்டார்கள். ஐந்து இருக்கைதான் என்றேன். இரண்டு பேருக்கும் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப பங்குனி உத்திரத்துக்கு?"

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏழு இருக்கை வாங்குகிற நம் குடும்பங்களில் பாதி நாலு பேர் குடும்பங்கள். மூன்றாவது வரிசை மடிந்தே கிடக்கும், மேலே தண்ணீர்க் கேனும் துணிமூட்டையும் இருக்கும். வருஷத்தில் ஒரு நாள் அது விரியும். ஒரே பானையில் பொங்கின வீடு உடைந்து நாலு ஊருக்குப் போனபிறகு, 'எத்தனை பேர் போகலாம்' என்று கேட்பது அந்த வீட்டைத் தேடித்தான். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு நாளைக்காகக் கூட்டத்தில் மூத்தவரையும் இளையவரையும் வண்டியிலேயே மோசமான இடத்தில் உட்கார வைக்கிறோம்.

"அன்னைக்கு ஒரு நாளுக்கு எல்லாருக்கும் பெல்ட் இருக்கிற வேன் ஒண்ணு எடுத்துக்குவோம் சித்தப்பா. மத்த நாளுக்கு அஞ்சு போதும்."

என் கட்டத்தில் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் மோதல் சோதனை நட்சத்திரம், அதிலும் பின்சீட்டுக்கும் குழந்தைகளுக்கும் என்ன மதிப்பெண். அப்புறம் பின்சீட்டில் மூன்று பேருக்கும் தோள்வழி வரும் பெல்ட், தலைக்கு எட்டும் முட்டு. அப்புறம் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், வழுக்கினால் திருத்தும் அமைப்பு. அப்புறம் இரவில் விளக்கு எவ்வளவு தூரம் போகிறது. அப்புறம்தான் மைலேஜ், விலை. கூரைக்கண்ணாடி கடைசி. இரண்டு வண்டிகள் தேறின. கம்பி போடுவதில்லை என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியாயிற்று.

வண்டி வந்த அன்று முதல் பயணம் ஆச்சியோடு டவுன் நெல்லையப்பர் கோயிலுக்கு. படியில் கால் வைத்து ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். நான் குனிந்து பெல்ட்டை இழுத்து அந்தக் கோணல் மணிக்கட்டுக்கு மேலாகக் கொண்டுபோய் மாட்டினேன்.

"இத எதுக்குல மாட்டுத? நா எங்க ஓடிப் போகப்போறேன்?"

"சேரன்மாதேவி ஆட்டுக்குட்டி ஞாபகம் இருக்கா ஆச்சி?"

கொஞ்சநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அம்மாவின் பக்கம் திரும்பி, "உனக்கும் மாட்டிக்கிட்டியா பிள்ள?" என்றாள். அம்மா மாட்டியிருக்கவில்லை. மாட்டிக்கொண்டாள். அப்பா வண்டியை எடுத்தார்.